ஒரு கட்டிலில் தொடங்கிய தரிசனம்



பிளஸ் டூ ரிசல்ட், அதற்குப் பின்னாலேயே நீட் ரிசல்ட் என்று வந்துவிட்டால், தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, ஊரப்பாக்கம் வட்டாரத்து விசுவாசிகள் வீடுகளில் ஜெபக் குறிப்புகளே மாறிவிடும். மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கணும், மகளுக்கு நல்ல காலேஜ் அமையணும், படிப்பை முடித்தவனுக்கு ஓ.எம்.ஆர். ரோட்டுக் கம்பெனியில் வேலை கிடைக்கணும். இவைகளுக்காக ஜெபிப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால், தம்பி, நீ யாருக்காகப் படிக்கப் போகிறாய், யாருடைய குறையைத் தீர்க்கப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் நம்ம முகத்தையே பார்ப்பாங்க! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கேள்வியை அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த இதழில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையைப் பார்க்கப் போகிறோம். வேலூர் சி.எம்.சி. என்றால் தெரியாதவர் நம்மில் யார்? ஸ்கேன் ரிப்போர்ட்டை கையில் பிடித்துக்கொண்டு காட்பாடிக்கு ரயில் ஏறிய ஒருவராவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். அந்த ஆஸ்பத்திரியை நிறுவின அம்மையாரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் ஒரு கதை சொல்லுவோம். திண்டிவனத்தில் ஒரு ராத்திரி மூன்று பேர் வந்து கதவைத் தட்டின கதை. பிள்ளைகள் கண் கலங்கக் கேட்பார்கள். அதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த அம்மா ஏறக்குறைய எழுபது வருஷம் உயிரோடு இருந்தார்களே, அந்த வருஷங்களில் என்ன செய்தார்கள்? வேலைக்கும் எதிர்காலத்துக்கும் வழி தேடுகிற நம் பிள்ளைகளுக்குத் தேவையான பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தாள். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பின்பு சென்னையிலும் ஊழியம் செய்த மருத்துவ மிஷனெரி. அப்பாவும் டாக்டர், அப்பாவின் சகோதரர்களும் மிஷனெரிகள். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் தொட்டிலிலேயே மிஷனெரியாகத் தீர்மானித்திருப்பாள் என்று நினைக்கிறீங்களா? அதுதான் இல்லை! 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பிடித்த கொடிய பஞ்சத்தில், எழுந்து நிற்கவும் பெலனில்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள் அந்தச் சின்னப் பெண். அந்தக் காட்சி அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. பிறகு அமெரிக்காவுக்குப் போய், பிரசங்கியார் டி.எல். மூடி நிறுவின நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் படித்தபோது, இந்தியாவுக்கு மட்டும் திரும்பக் கூடாது என்பதுதான் அவளுடைய எண்ணம். பஞ்சம், புழுதி, நோய், தூரம், பிரிவு... போதும் என்றிருந்தது. அமெரிக்காவிலேயே கல்யாணமாகி சுகமாக வாழ வேண்டும் என்பதுதான் ஆசை. நம்ம வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டிலாக ஆசைப்படுவதில்லையா, அதே மாதிரிதான்.

1890-இல் அம்மாவுக்கு சுகமில்லை என்று செய்தி வந்தது. அம்மாவைக் கவனிக்க, கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தாள். நம்ம தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போகிற ரயிலில் உட்கார்ந்தால் நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிற அதே திண்டிவனம்தான்.

அங்கேதான் அந்த ராத்திரி. முதலில் ஒரு பிராமண வாலிபர் வந்தார். இளம் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்று ஐடாவைக் கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தன் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போகலாம் என்று இவள் சொன்னாள். வேறு ஆண்பிள்ளை தன் மனைவியைப் பார்ப்பதற்கு அவருடைய வழக்கம் இடம் கொடுக்கவில்லை. தலை குனிந்து திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் சகோதரர். அதே வேதனை, அதே விண்ணப்பம், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார். விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்துவர வேலையாளை அனுப்பினாள். மூன்று பெண்களும் மரித்துப் போனார்கள்! டாக்டர் வீட்டு வாசல் வரை வந்தும், பெண் டாக்டர் இல்லாத ஒரே காரணத்தால் மூன்று உயிர் போனது.

சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது அவன் மறுபடி மறுபடி ஏலியினிடம் ஓடினான் அல்லவா? ஐடாவும் அந்த ராத்திரி அப்பாவிடம்தான் ஓடினாள். கூப்பிட்டது தன்னைத்தான் என்பது விடியற்காலையில்தான் விளங்கியது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி நெடுநேரம் ஜெபித்தாள். பிறகு வெளியே வந்து பெற்றோரிடம் தன் தீர்மானத்தைச் சொன்னாள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, இந்த நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் செய்யப் போவதாக.

கவனியுங்க. அவளுடைய இலக்கு டாக்டர் பட்டம் வாங்குவது அல்ல. பிரசவத்தில் பெண்கள் சாகக் கூடாது, அதுதான் இலக்கு. டாக்டர் படிப்பு அதற்கு ஒரு வழி. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அவர்களுடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இதன்மேல்தான் நின்றது.

தீர்மானம் ஒரே நாளில் வந்தது. அதற்கான ஆயத்தம் ஒரே நாளில் முடிந்ததா? இல்லையே! 1895-இல்தான் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். அப்போது வயது இருபத்திநாலு. நம் பக்கத்தில் அந்த வயதுக்கு ஒரு பெண் இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்றால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1898-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி நியூயார்க்கில் ஆரம்பமாகி, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. படித்துக்கொண்டிருந்த இடத்திலேயே முடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஐடா கடைசி வருஷத்துக்கு கார்னெலுக்கு மாறினாள். 1899-இல் பட்டம் பெற்றாள். ஊழியத்துக்குத்தானே போகிறோம், ஏதோ ஒரு படிப்பு போதும் என்று நினைக்கவில்லை பாருங்க! ஜெபம் இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்று நம்மிடையே சிலர் பேசுவதுண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் தங்களுக்கு ஆபரேஷன் என்றால் எந்த டாக்டரைத் தேடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

புறப்படும் முன் இன்னொரு பொறுப்பும் வந்தது. வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட எட்டாயிரம் டாலர் சேர்க்க வேண்டும். கப்பல் ஏறும் நாள் நெருங்கிவிட்டது. சேர்ந்ததோ சொற்பம். ஒரு நாள் நியூயார்க்கில் ஒரு அம்மையார் வீட்டில் உட்கார்ந்து இந்தத் தேவையைப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற வயதான வங்கி முதலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவர் ஐடாவை வரச்சொல்லி, மரித்துப்போன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் ஞாபகமாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். கேட்டது எட்டு, கிடைத்தது பத்து! அல்லேலூயா!

1900 ஜனவரி முதல் தேதி டாக்டர் ஐடா வேலூர் வந்தார்கள். இனி நாமும் அம்மா என்று மரியாதையாகவே சொல்லுவோம். கூட வந்தவர் நார்த்ஃபீல்டு காலத்துத் தோழி ஆனி ஹான்காக். அப்பாவிடம் கூடவே இருந்து தொழில் பழகலாம் என்றுதான் அம்மா எண்ணியிருந்தார்கள். அந்த மே மாதமே அப்பா மரித்துப்போனார். நினைத்துப் பாருங்க. காலேஜ் முடித்து ஒரு வருஷம் ஆகவில்லை, சொல்லித்தர ஆளில்லை, ஆஸ்பத்திரிக் கட்டடம் இல்லை. ஜனங்களுக்கோ வெள்ளைக்காரப் பெண்ணிடம் வர பயம். பங்களாவில் ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கட்டில். உதவிக்கு சமையல்காரரின் மனைவி சலோமி. நர்சும் அவர்தான், எல்லாம் அவர்தான். இப்படி ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறைய 5,000 நோயாளிகளைப் பார்த்துவிட்டார்கள். 1902-இல் நாற்பது கட்டில்களோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

நம்மில் பலர் இங்கே சாட்சி சொல்லி முடித்திருப்போம். நினைத்தது கிடைத்தாயிற்று, டாக்டர் ஆனாயிற்று, ஆஸ்பத்திரியும் வந்தாயிற்று. ஆனால் அம்மா கணக்குப் பார்த்தார்கள். தனக்கு இருப்பது இரண்டே கை. தான் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கிற நேரத்தில் பத்து கிராமங்களில் பத்துப் பெண்கள் சாகிறார்கள். தான் ஒருத்தி டாக்டரானதால் இது தீராது. இந்த மண்ணின் பெண்களே டாக்டர்களாகவும் நர்சுகளாகவும் ஆனால்தான் தீரும். அப்போதுதான் அந்த இலக்கு பெரிதாயிற்று. தான் டாக்டராவது என்பது போய், டாக்டர்களை உண்டாக்குவது என்று வந்தது.

அதையும் எந்த வரிசையில் செய்தார்கள் பாருங்க. நேராக மெடிக்கல் காலேஜுக்குத் தாவவில்லை. 1903-இல் மருந்து கலக்கிற கம்பவுண்டர்களுக்குப் பயிற்சி ஆரம்பமானது. 1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி. டாக்டர்களுக்கான பள்ளி 1918-இல்தான்! மருந்து கட்டுகிறவரும், இரவெல்லாம் பக்கத்தில் நிற்கிற நர்சும் இல்லாமல் டாக்டர் மாத்திரம் இருந்து என்ன பிரயோஜனம் என்பது அவர்களுக்குத் தெரியும். நீட்டில் மார்க் வரவில்லை, இனி என் வாழ்க்கை அவ்வளவுதான் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற தம்பி, தங்கச்சி, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. உங்கள் ஆசை வீட்டு வாசலில் தொங்கப்போகிற டாக்டர் போர்டு என்றால் கதவு ஒன்றுதான் இருக்கும். நோயில் கிடக்கிறவன் பிழைக்கணும் என்பது உங்கள் பாரம் என்றால் நர்சிங் இருக்கிறது, பார்மசி இருக்கிறது, லேப் இருக்கிறது, பிசியோதெரபி இருக்கிறது. இவை டாக்டர் சீட் கிடைக்காதவனுக்கு ஆறுதல் பரிசு என்று பேசுகிற பெற்றோரை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

1909-இல் அம்மாவுக்கு ஒரு மோட்டார் கார் கிடைத்தது. ஒற்றை சிலிண்டர் பியூஜோ வண்டி. அதற்கு முன்னே மாட்டுவண்டிதான். குதிரையும் மாடும் இல்லாமல் புகையும் சத்தமுமாக ஓடிவருகிற வண்டியைக் கண்டு கிராமத்தார் பிசாசு வருகிறதென்று சிதறி ஓடினார்களாம்! கொஞ்ச நாளில் குடியாத்தம் போகிற சாலையில் மரத்தடிக்கு மரத்தடி ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து அந்த வண்டிக்காகவே காத்திருந்தார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, குஷ்டரோகிகளுக்கும் மறுப்பில்லாத கவனிப்பு. இந்த சாலையோர வைத்தியத்துக்கு அம்மா பிற்பாடு தன் மாணவிகளையும் அழைத்துப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து வர முடிகிறவர்களை மட்டும் பார்த்துப் படித்தால் பாதிப் படிப்புதான் என்பது அவர்கள் முறை.

1918-க்கு வருவோம். பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க சென்னை அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி கர்னல் பிரைசனிடம் அனுமதி கேட்கப் போனார்கள். அவருக்கு நம்பிக்கையே இல்லை. ஆறு பெண்கள் கிடைத்தால் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் சம்மதித்தார். வந்த விண்ணப்பங்களோ 151! அந்த ஆகஸ்டில் பதினேழு பெண்களோடு வகுப்பு ஆரம்பமானது. உடற்கூறு பாடத்தை அம்மாவே நடத்தினார்கள். ராத்திரி பகல் நோயாளிகள், நடுவில் பாடம் தயாரிக்கணும், பெண்களுக்குத் தாயாகவும் இருக்கணும். மாகாணப் பரீட்சை வந்தது. ஆண்கள் பள்ளிகளிலேயே ஐந்துக்கு ஒருவர்தான் தேறுகிறார்கள், உங்கள் பெண்கள் தோற்றால் மனம் தளர வேண்டாம் என்று பெரியவர்கள் முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்திருந்தார்கள். பரீட்சை எழுதின பதினான்கு பெண்களும் தேறிவிட்டார்கள்! ஒருத்தி பாக்கியில்லாமல்! முதல் செட் பெண்கள் 1922-இல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னே நடந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கும் நம் சபைகளில், டிகிரி முடித்தது போதும், மாப்பிள்ளை பார்த்தாயிற்று, மேலே படித்து என்ன செய்யப் போகிறாள் என்று மகளின் சர்ட்டிபிகேட்டை பீரோவில் வைத்துப் பூட்டுகிற அப்பாமார் இருக்கிறார்கள். சகோதரரே, உங்கள் மகள் ஜெபித்துத்தான் அந்த ஆசையைச் சொல்லுகிறாளோ என்று ஒரு ராத்திரியாவது உட்கார்ந்து யோசித்தீர்களா?

அம்மாவின் வாழ்க்கையில் பெரிய சோதனை வந்தது வயதான காலத்தில்தான். 1938-இல் சென்னை அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. வேலூரில் கொடுத்துவந்த எல்.எம்.பி. என்கிற டிப்ளமோ படிப்பு இனி செல்லாது, டாக்டர் என்றால் பல்கலைக்கழக எம்.பி.பி.எஸ். பட்டம்தான். (அதே 1938 டிசம்பரில்தான் உலகெங்குமிருந்து சபைத் தலைவர்கள் நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடி மிஷனெரி மாநாடு நடத்தினார்கள்.) பட்டப்படிப்பு என்றால் பெரிய பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், இன்னும் எத்தனையோ கட்டில்கள் வேண்டும். பணமோ இல்லை. உலகயுத்தமும் வந்துவிட்டது. இருபது வருஷம் கட்டினது கண்முன்னே மூடப்படுகிற நிலைமை! அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. கொடைக்கானலில் போய் ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1941-இல் அம்மா அமெரிக்காவுக்குப் போனார்கள். எழுபது வயதில் ஊர் ஊராக, சபை சபையாக நின்று வேலூருக்காகப் பேசிப் பணம் சேர்த்தார்கள். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. வேலூர் பிழைக்க வேண்டுமானால் எல்லா மிஷன்களும் சேர்ந்து நடத்துகிற பெரிய கல்லூரியாக வேண்டும், ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அமெரிக்காவில் வேலூருக்காகப் பாடுபட்ட பெண்களில் ஒரு சாரார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த காணிக்கை அல்லவா! எதிர்த்தவர்களில் முக்கியமானவர் லூசி பீபாடி அம்மையார். 1920-களில் கீழ்த்திசை நாடுகளின் பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெரும் நிதி திரட்டினவர், ஐடா அம்மாவின் நெடுநாளைய சிநேகிதி. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐடா அம்மா ரொம்ப வேதனைப்பட்டார்கள். பெண்களுக்கென்றே ஆரம்பித்த பள்ளி, தன் கையால் கட்டின அடையாளம். கடைசியில் அந்த அடையாளத்தை விட்டுக்கொடுத்து, வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். சிநேகிதத்தில் விரிசல் விழுந்தது. 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அம்மா பொறுப்பிலிருந்து விலக, இந்தியப் பெண் மருத்துவரான டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

நாம் ஆரம்பித்தது நாம் ஆரம்பித்த மாதிரியே இருக்கணும் என்று எத்தனை பேர் பிடிவாதம் பிடிக்கிறோம்! தையல் கடை வைத்தவர் ரெடிமேட் வந்தபிறகும் மாறமாட்டார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் வந்தபோது கடையை மூடினார்கள், கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டவர்களோ அதே ரூமில் தொடர்ந்து நடத்தினார்கள். எது நம்முடைய இலக்கு, எது அந்த இலக்கின் சட்டை மாத்திரம் என்று பிரித்துப் பார்க்க ஜெபமும் வேண்டும், துணிச்சலும் வேண்டும். அம்மாவுக்கு அது எழுபது வயதுக்கு மேலே கேட்கப்பட்ட கேள்வி.

ஓய்வு பெற்ற பிறகும் அம்மா சும்மா இருக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டியும் டென்னிஸ் விளையாடினவர்களாச்சே! கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலூரில் படித்த பெண்களெல்லாம் பிள்ளைகளாக இருந்தார்கள். 1960 மே மாதம் கொடைக்கானலில் எண்பத்தொன்பதாம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். 2000 ஆகஸ்டில் இந்திய அரசின் தபால்துறை அந்த அம்மாவுக்குத் தபால்தலை வெளியிட்டது.

1902-இல் திறந்த பழைய ஷெல் ஆஸ்பத்திரி இன்று வேலூரில் கண் ஆஸ்பத்திரியாக இயங்குகிறது. தோட்டப்பாளையத்து ஆஸ்பத்திரியில் இடம் போதாமல், 2022-இல் சி.எம்.சி. இன்னொரு பெரிய வளாகத்தைத் திறந்தது. அது இருப்பது ராணிப்பேட்டை பக்கத்தில். அம்மா பிறந்த ஊர்.